உத்திரத்துக்கு ஜீப்பு ஓடுமா?

குழு: சாஸ்தா வீட்டு உறவுகள் (பெரியப்பா, சித்தப்பா, ஆனந்தி அத்தை: ஆச்சியின் பிள்ளைகள்; சங்கர்: பெரியப்பா மகன்; அபி: சித்தப்பா, சித்தி மகள்; கணேசன் மாமா: சித்தியின் அண்ணன்)

செவ்வாய்

பெரியப்பா: பங்குனி உத்திரத்துக்கு இன்னும் 9 நாள்தான். பூசாரி நேற்றுப் பேசினார். சாஸ்தா கோயிலுக்குப் போகும் ஓடைப் பாதை 2023 டிசம்பர் வெள்ளத்தில் அரித்தது அப்படியே கிடக்கிறதாம், கார் போகாதாம். ஆச்சியை எப்படிக் கூட்டிப்போவது?

ஆனந்தி அத்தை: அம்மா இந்த வருடம் வந்தே தீருவேன் என்கிறாள். போன வருடம் ரோட்டிலேயே காரில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் கும்பிட்டு வந்தோம். அதை இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

சங்கர்: ஜீப்பு?

சித்தப்பா: தொழுவில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகிறது.

அபி: ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டத்தான் முடியவில்லை. நேற்று அப்பாவும் நானும் ஏர்வாடி ரோட்டில் எடுத்துப் பார்த்தோம். 40 தாண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் இரண்டு பக்கமும் அடித்தது. அப்பாவால் பிடிக்க முடியவில்லை. 15-க்குக் குறைந்த பிறகுதான் நின்றது.

சித்தி: இவள் வந்து சொன்னதும் எனக்குக் கைகால் ஓடவில்லை.

சங்கர்: அதற்குப் பெயர் டெத் வாபிள். ஸ்டீரிங் டேம்பர் ஒன்று போட்டால் போதும். ட்ராக் பார் புஷ்ஷும் மாற்ற வேண்டும். வீடியோ அனுப்புகிறேன்.

சங்கர்: [வீடியோ]

கணேசன் மாமா: மாப்பிள்ளை, வீடியோ முழுக்கப் பார்த்தேன். அது காயில் ஸ்பிரிங் வண்டி. அதில் அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க ட்ராக் பார் என்று ஒரு கம்பி உண்டு. நம்முடையது சி.ஜே. 3பி. முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான், அச்சைப் பிடித்திருப்பதும் பட்டைதான். ட்ராக் பாரே கிடையாது. டேம்பர் போட்டால் ஆட்டம் கைக்குத் தெரியாமல் போகும், தேய்ந்த சாமான் தேய்ந்தபடியே இருக்கும். ஆச்சியை ஏற்றும் வண்டியில் அது வேண்டாம். எங்கே ஆடுகிறது என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்.

சங்கர்: சரி மாமா

கணேசன் மாமா: அபிம்மா, நீயே பார்க்கலாம். பயப்பட ஒன்றும் இல்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்து. எஞ்சின் ஓட வேண்டாம், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். அப்பா ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக விடாமல் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டட்டும். நீ முன்னால் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார். ஸ்டீரிங் பாக்ஸில் இருந்து ட்ராக் லிங்க் (drag link) என்று ஒரு கம்பி வரும், அது வேறு ட்ராக் பார் வேறு, அது நடுவில் பெல் கிராங்கில் சேரும். பெல் கிராங்குதான் முன்னும் பின்னுமாக வரும் தள்ளலைப் பக்கவாட்டுக்குத் திருப்புகிறது. அங்கிருந்து டை ராட் என்று இரண்டு கம்பி, ஆளுக்கொரு சக்கரத்துக்கு. கம்பியின் இரு முனையிலும் இருக்கும் மூட்டுதான் எண்டு. ஆக 4 எண்டு. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடம் எது என்று மட்டும் எழுதி வை. அவசரப்பட்டு எதையும் கழற்றாதே.

அபி: சரி மாமா. காலேஜ் விட்டு வந்ததும் பார்க்கிறேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஒரு மெக்கானிக்கை வரச்சொன்னால் என்ன? பெண்பிள்ளையைப் போய் வண்டிக்கு அடியில் படுக்கவிடுவதா?

கணேசன் மாமா: அத்தான், பார்ப்பதற்கு ஆண்பிள்ளை பெண்பிள்ளை ஏது. அவள் கை சிறியது, பெல் கிராங்கு இருக்கும் இடத்தில் என் கையைவிட நன்றாகப் போகும். கழற்றும்போது நான் வந்துவிடுவேன்.

ஆனந்தி அத்தை: வெண்கலப் பானை யார் வீட்டில் இருக்கிறது?

சித்தி: உங்கள் வீட்டில்தானே மதினி

ஆனந்தி அத்தை: எங்களிடம் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போனது.

புதன்

அபி: [படம்] [படம்]

அபி: மாமா, ஸ்டீரிங்கை மூன்று விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. பெல் கிராங்கு தான் சுழலும் ஆணியிலேயே (பின்) ஆடுகிறது. கையை வைத்தால் டக் டக் என்று தட்டுவது தெரிகிறது. இடது சக்கரத்து எண்டும் மேலும் கீழும் ஆடுகிறது. ரப்பர் கிழிந்து உள்ளே ஒரே மண்.

கணேசன் மாமா: நல்ல வேலை செய்திருக்கிறாய். இரண்டாவது படத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. அந்த நட்டு.

அபி: [படம்]

கணேசன் மாமா: அபிம்மா, நட்டின் ஓட்டையில் கோத்திருப்பது என்ன? கட்டுக்கம்பியா?

அபி: ஆமா மாமா. பந்தல் கட்டுகிற கம்பி. கையால் முறுக்கி விட்டிருக்கிறார்கள். பாதி துருப்பிடித்துவிட்டது.

கணேசன் மாமா: அந்த வண்டியை இனி யாரும் எடுக்க வேண்டாம். சாவியைப் பூசை அலமாரியில் வையுங்கள். நான் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. அந்த நட்டு கழன்று எண்டு வெளியே வந்தால் ஸ்டீரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் கேட்காது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் கால் காசு பெறாத சாமான், அது இருக்க வேண்டிய இடத்தில் போய்க் கம்பி.

சித்தி: சாமி. திங்கட்கிழமை இதிலேயா போனீர்கள்

சித்தப்பா: கடைசியாக வேலை பார்த்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நீக்க வேண்டாம் தம்பி, நான் படித்துவிட்டேன். நான்தான் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்து எடுத்து வந்தேன். அப்பா இருந்த நேரம் அது. அவரை உட்காரவைத்து நானே ஓட்டி வந்தேன்.

ஆனந்தி அத்தை: இப்போது அதெல்லாம் எதற்கு அண்ணே

சித்தப்பா: ஜீப்பைப் பங்கில் எடுத்தவர்கள் ஒரு தடவையாவது வந்து குனிந்து பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்கிறேன்.

பெரியப்பா: தொழு உன் பங்கு, ஜீப்பு என் பங்கு என்று அப்பா சொன்னது உனக்கும் எனக்கும் நடுவில். குழுவில் வேண்டாம்.

சங்கர்: அப்பா போன் பண்ணுகிறேன்

கணேசன் மாமா: யார் விட்டது என்பது வேண்டாம். தப்பு கண்ணில் பட்டுவிட்டது, அதுவே சாஸ்தா புண்ணியம். அபி, நாளைக்கு இன்னும் மூன்று சோதனை.

கணேசன் மாமா: முதலில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடு மையத்தில் இருந்து நடு மையம் டேப் பிடி. இரண்டு பக்கமும் 80 அங்குலம் வர வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிந்து அச்சு நகர்ந்திருக்கும். அடுத்தது, முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டு. ஆடினால் அம்மாவை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், சக்கரம் இடம் வலம் திரும்பும் ஆணி. மூன்றாவது, பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷாக்கிளில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் எத்தனை அடைத்திருக்கிறது என்று எண்ணு.

கணேசன் மாமா: தூக்கும்போது பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையைக் காலை உள்ளே விடாதே. செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக்கொடுக்கவே கூடாது, பாரம் ஏறினால் பொடிந்துவிடும். தொழுவில் பனந்தடி கிடக்கும். அதில் தடிமனான துண்டை அச்சுக்கு அடியில் கொடு.

சித்தி: நான் பக்கத்திலேயே நிற்கிறேன் அண்ணே

ஆனந்தி அத்தை: வெண்கலப் பானைக்கு யாரும் பதில் சொல்லவில்லை

வியாழன்

அபி: இரண்டு பக்கமும் 80. வலது சக்கரத்தில் லேசான ஆட்டம், பிரேக் மிதித்ததும் நின்றது. அப்படியென்றால் வீல் பேரிங்தானே மாமா? இடதில் ஒன்றும் இல்லை.

கணேசன் மாமா: வீல் பேரிங்தான். கிங் பின் தப்பித்தது. நான் அதைத்தான் நினைத்துப் பயந்தேன். அதைப் பிரித்தால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கம் பார்க்க வேண்டும், 7 நாளில் நம்மால் ஆகாது. பேரிங்கைக் கழுவி, கிரீஸ் அடைத்து, ஆட்டம் எடுத்தால் போதும்.

அபி: ஷாக்கிள் நிப்பிள் எல்லாமே அடைப்பு. ஊசியால் குத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது.

சங்கர்: ஷாக்கிள் புஷ் ரப்பர்தானே மாமா? வண்டி பாரம் தரையில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும் என்று படித்தேன்.

கணேசன் மாமா: ரப்பர் புஷ் வண்டிக்கு நீ படித்தது முழுக்கச் சரி. தூக்கி வைத்து இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். இதில் ரப்பர் இல்லை. ஷாக்கிளிலும் மரை, புஷ்ஷிலும் மரை, இரும்பில் இரும்பு. கிரீஸ்தான் அதற்கு உயிர். கிரீஸ் போகவில்லை என்றால் பட்டை மடங்காது, ஒவ்வொரு குழியும் அப்படியே ஸ்டீரிங்குக்கு வரும். நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடு. அடிக்கும்போது கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, புது கிரீஸ் தெரியும்வரை அடி.

பெரியப்பா: சாமான் பட்டியல் கொடுங்கள் மாப்பிள்ளை. பாளையங்கோட்டையில் நானே வாங்குகிறேன்.

கணேசன் மாமா: டை ராட் எண்டு 4. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும், நாலும் மாற்றிவிடுவோம். 2 இடமரை, 2 வலமரை. பெல் கிராங்கு பின் செட் 1. ஸ்பிளிட் பின் ஒரு பாக்கெட். கிரீஸ் 1 கிலோ. வீல் பேரிங் சீல் 1.

மாலை

பெரியப்பா: [படம்] எல்லாம் கிடைத்தது.

கணேசன் மாமா: அத்தான், எண்டு நாலையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம். டை ராட்டுக்குள் போகும் மரைப் பக்கம் மேலே இருக்கட்டும்.

பெரியப்பா: [படம்]

கணேசன் மாமா: நாலும் வலமரை. மரைக்கோடு பாருங்கள், நாலிலும் வலதுபக்கமாக ஏறுகிறது. இரண்டில் இடதுபக்கமாக ஏற வேண்டும். டை ராட்டின் ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரையாக இருந்தால்தான் கம்பியைச் சுற்றும்போது நீளம் கூடும் குறையும். சக்கரத்தை நேராக்குவது அதை வைத்துத்தான்.

பெரியப்பா: கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றார். பரவாயில்லை, காலையில் போய் மாற்றுகிறேன்.

சித்தப்பா: அண்ணே, நான் நாளை நெல்லை வருகிறேன். நான் போய் மாற்றுகிறேன். நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம்.

பெரியப்பா: சரி தம்பி. வரும்போது வீட்டில் சாப்பிட்டுப் போ.

ஆனந்தி அத்தை: பானையையும் அப்படியே பார்த்து எடுத்து வா தம்பி

சனி

கணேசன் மாமா: சேரன்மகாதேவி வழி பஸ்ஸில் களக்காடு வந்து சேர்ந்தேன். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன், கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

அபி: இடது எண்டு கழன்றுவிட்டது! மாமா நட்டைத் தளர்த்தி நுனியிலேயே விடச்சொன்னார், அப்போதுதான் முகத்தில் தெறிக்காதாம். அப்புறம் எண்டு உட்கார்ந்திருக்கும் இரும்புக் கையின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தோம். மூன்றாவது அடியில் பொத்தென்று இறங்கியது. மரையில் ஓர் அடிகூடப் படவில்லை.

சங்கர்: சூப்பர் அபி

அபி: பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணச்சொன்னார். 17. புதியதையும் 17 சுற்றுதான் ஏற்றினேன்.

கணேசன் மாமா: எண்ணிவிட்டால் சக்கரம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். பிறகு டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் அளந்தோம். முன்பக்கம் 2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. போதும். ஆனாலும் உத்திரம் முடிந்ததும் அலைன்மென்ட் மெஷினில் ஒரு தடவை விட வேண்டும்.

சித்தி: ஸ்பிளிட் பின் போட்டீர்களா அண்ணே

கணேசன் மாமா: நாலும் புதுப் பின். ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. அபி ஒவ்வொன்றையும் கோத்து இரண்டு காலையும் விரித்து மடக்கினாள், நான் டார்ச் பிடித்தேன். பட்டையின் யூ போல்ட்டும் இறுக்கியாகிவிட்டது.

சித்தப்பா: வண்டி எடுத்தோம். அதே குழி. 40, 45, 50. ஆடவில்லை.

பெரியப்பா: ஆச்சியிடம் சொல்லட்டுமா?

கணேசன் மாமா: இன்னும் சொல்ல வேண்டாம் அத்தான். நாளை ஓடை வரை வெறும் வண்டியாகப் போய், ஏறி இறங்கி வந்து, மறுபடி நட்டெல்லாம் பார்த்த பிறகு சொல்லுவோம்.

ஆனந்தி அத்தை: நான் சொல்லிவிட்டேன். சேலை எடுத்து வைத்துவிட்டாள்.

சங்கர்: மாமா, எஃப்.சி., இன்சூரன்ஸ்?

சித்தப்பா: ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பெரியப்பா: அதை உத்திரம் முடிந்து பேசுவோம்.

சங்கர்: இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் எடுக்கக் கூடாது அப்பா. இப்போதே பார்க்க வேண்டும்.

பெரியப்பா: பேப்பர் எங்கே என்று தம்பிக்குத்தான் தெரியும்.

சித்தப்பா: பீரோவில் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் மெயின் ரோடு வரை ஆட்டோவில் வருவோம். ஓடையில் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குவோம்.

அபி: ஐயோ அப்பா, இவ்வளவு வேலை பார்த்துவிட்டு நாற்காலியா?

ஆனந்தி அத்தை: பானை கிடைத்ததா தம்பி?

சித்தப்பா: கிடைத்தது. மண்ணெண்ணெயில் நிப்பிள் ஊறியதே அதில்தான்.