சிஸ்கோ 3750 சுவிட்சில் பாலிசி ரூட்டிங் (எந்த டிராஃபிக் எந்த லைனில் போக வேண்டும் என்று நாமே சொல்வது) ஏறவே இல்லை. டெம்ப்ளேட் மாற்றினால் மேக் டேபிள் பத்துமா?

பழலோரி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம். ஆபீஸ், ஆலை, குவார்ட்டர்ஸ், வெளிநாட்டுத் தொழிலாளர் கொங்சி (குடியிருப்பு), எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750ஜி சுவிட்ச். ஐபி சர்வீசஸ் இமேஜ் என்ற மென்பொருள்தான் ஓடுகிறது. இணைய லைன் இரண்டு. கேமராக்களுக்கான தனி நெட்வொர்க் (வீலான்) மட்டும் இரண்டாவது லைனில் போகட்டும் என்று ரூட்-மேப் என்ற வழி விதி எழுதி, இன்டர்ஃபேஸில் 'ஐபி பாலிசி' கட்டளை போட்டேன். மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. 'ஷோ ரன்' பார்த்தால் அந்த வரியே இல்லை! லாகில் ரூட்டிங் டெம்ப்ளேட் வேண்டும் என்று ஒரு வரி.

சுவிட்சின் நினைவகத்தைப் பங்கிடும் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டை மாற்றினால், மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) இடம் 6,000-லிருந்து 3,000 ஆகிவிடும் என்று படித்தேன். கொங்சியில் ஆளுக்கு இரண்டு போன். போதாக்குறைக்கு ரீலோடும் செய்ய வேண்டுமாம். வெயிட்பிரிட்ஜ் (லோரி எடை மேடை) நின்றால் பழ லோரி ரோடு வரைக்கும் நிற்கும், மேனேஜர் என்னைத்தான் தேடுவார்.

ஈப்போ வயர்மேன்:
தம்பி, 3,000 என்பது உங்களுக்குத் தாராளம். கொங்சியில் எத்தனை பேர்? முந்நூறு, நானூறு? ஆளுக்கு இரண்டு போன் என்றாலும் ஆயிரத்தைத் தாண்டாது. இப்போதைய போன்கள் மேக்கை மாற்றிக்கொள்கின்றன, உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒரு வைஃபைக்கு ஒன்று என்றுதான் வைத்துக்கொள்ளும். தவிர, 300 விநாடி சத்தம் இல்லாத மேக்கை சுவிட்ச் தானே அழித்துவிடும். 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் கவுன்ட்' ராத்திரி எட்டு மணிக்கு அடித்துப் பாருங்கள், எல்லாரும் போனோடு உட்கார்ந்திருக்கும் நேரம்.

உள்ளே இருப்பது டிகேம் என்ற ஒரே சிப் நினைவகம். நிலம் அதேதான், டெம்ப்ளேட் வேலியை மட்டும் நகர்த்துகிறது. டிஃபால்ட்டில் மேக் 6,000, ரூட் 8,000, பாலிசி ரூட்டிங்குக்குப் பூஜ்யம். பூஜ்யம் என்பதால்தான் உங்கள் வரி காணாமல் போகிறது. ரூட்டிங் டெம்ப்ளேட்டில் மேக் 3,000, ரூட் 11,000, பாலிசிக்குச் சுமார் 500. வீலான் டெம்ப்ளேட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் மேக் 12,000 என்று ஆசை காட்டும், ஹார்ட்வேர் ரூட்டுக்கு இடமே இருக்காது. ரூட்டிங் முழுக்க சிபியு தலையில் விழும்.

'எஸ்டிஎம் பிரிஃபர் ரூட்டிங்' அடித்து, சேவ் செய்து, ஆலை நிற்கும் நாளில் ரீலோட் கொடுங்கள்.

கோலகங்சார்காரன்:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம் ஒன்று: ரூட்-மேப் பார்க்கும் ஏசிஎல்லில் (எந்தப் பாக்கெட் என்று பொறுக்கும் பட்டியலில்) டினை (விலக்கு) வரி வைக்காதீர்கள். இந்த மாடலில் டினையில் மாட்டும் பாக்கெட் நேராக சிபியுவுக்குப் போகும், சுவிட்ச் மூச்சு வாங்கும். ஆபீஸிலிருந்து கேமரா பார்ப்பதற்காக டினை போடலாமா என்று கட்டாயம் யோசிப்பீர்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். என்விஆரில் (கேமரா பதிவுப் பெட்டியில்) இரண்டு லேன் போர்ட் இருந்தால் ஒன்றை ஆபீஸ் வீலானில் செருகுங்கள். மேனேஜர் பார்ப்பதற்கு ரூட்டிங்கே வேண்டியதில்லை.

பழலோரி:
ரொம்ப நன்றி அண்ணே. எட்டு மணிக்குப் பார்த்தேன், ஆயிரத்துக்கு வெகு கீழே. ஞாயிறு ஆலை ஓடவில்லை, ரீலோட் கொடுத்தேன். வெயிட்பிரிட்ஜ் கிராணிக்கு (கிளார்க்குக்கு) தெரியவே தெரியாது. 'ஷோ எஸ்டிஎம் பிரிஃபர்' இப்போது ரூட்டிங் என்கிறது, ஐபி பாலிசி வரியும் 'ஷோ ரன்'னில் உட்கார்ந்துவிட்டது. டினை வரி ஒன்று எழுதி வைத்திருந்தேன், எடுத்தாயிற்று. என்விஆரில் இரண்டாவது போர்ட் இருக்கிறது, தூசியடைந்து. கேபிள் இழுக்க வேண்டியதுதான் பாக்கி.