வைட்டெலோஜெனினுக்குத் தமிழ்ச்சொல்: மஞ்சள்கருவா, சினையுணவா?

குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

இறாலின் இனப்பெருக்கத்தை ஆராயும் நம் குழுத் தங்கை, தம் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்துக்காக, முட்டைக்குள் சேர்ந்து கருவுக்கு உணவாகும் வைட்டெலோஜெனின் என்னும் புரதத்துக்கும் அதன் மரபணுவுக்கும் சொல் கேட்டிருந்தார். வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை ‘மஞ்சள்கருப் புரதம்’ என்பதையே முன்வைக்கின்றன. கோழிமுட்டைக்கு அது சரி. ஆனால் முதிர்ந்த பெண் புலி இறாலின் சூலகம் முதுகோட்டின் வழியே கரும்பச்சையாகத் தெரியும். நண்டின் சூலகமோ செம்மஞ்சளாக இருக்கும். பச்சையாக இருப்பதை மஞ்சள் என்று பெயரிட்டு, பிறகு அந்தப் பெயருக்கு அடிக்குறிப்பு எழுதுவது மாணவருக்குச் செய்யும் உதவியாகாது.

நமக்குச் சொல் வெளியே தேட வேண்டியதில்லை. தொண்டிப் பக்கத்திலிருந்து நண்டு வந்த நாள்களில், என் அப்பத்தா ஓட்டைப் பிளந்து பார்த்துவிட்டு, “இது சினை நண்டு” என்று சொல்லித் தனியே எடுத்து வைப்பார். உடலுக்குள் திரண்ட முட்டைக்கும் வயிற்றடியில் சுமக்கும் முட்டைக்கும் மீன் விற்பவரும் வாங்குபவரும் சினை என்ற ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். இலக்கணத்தில் சினை என்பது உறுப்பு என்றும் ஒருவர் நினைவூட்டியிருந்தார். அவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து மயக்கம் தரும் வாய்ப்பு இல்லை. வைட்டெலோஜெனின் என்ற பெயருக்கு வேரான விட்டெல்லஸ் என்ற இலத்தீன் சொல்லும் முட்டைக்கருவைக் குறிப்பதோடு ‘சிறு கன்று’ என்னும் பொருளும் உடையது. சினை மாடு என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஒற்றுமை மகிழ்ச்சியளிக்கிறது.

இனி, அப்புரதம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் சொல்லின் மறுபாதி கிடைக்கும். புலி இறாலின் இனக்குழுவில் இது கல்லீரல்கணையம் என்னும் செரிமானச் சுரப்பியிலும் சூலகத்திலும் உருவாகிறது. ஏறக்குறைய 2,600 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலி அது. கல்லீரல்கணையத்தில் உருவானது இடையிடையே வெட்டுண்டு, கொழுப்பையும் நிறமிகளையும் ஏற்றிக்கொண்டு, இறாலின் குருதியான குருதிநிணநீரில் கலந்து சென்று, முட்டைச் செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளால் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கே சேமிக்கப்பட்டு வைட்டெலின் என்று பெயர் மாறி, கருவுக்கு உணவாகிறது. ஆகவே சேமிப்பில் இருப்பதற்கு ஒரு சொல்லும், சேமிப்புக்கு முன் இருப்பதற்கு ஒரு சொல்லும் வேண்டும். வைட்டெலினைச் ‘சினையுணவுப் புரதம்’ என்றும், வைட்டெலோஜெனினைச் ‘சினையுணவு முன்புரதம்’ என்றும், முட்டைக்குள் இது சேரும் நிகழ்வைச் ‘சினையுணவேற்றம்’ என்றும் சொல்லலாம் என்று முன்மொழிகிறேன்.

‘சினையூட்டி’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்று நண்பர் எழுதியிருந்தார். ஓசை நன்றாகவே இருக்கிறது. ஆயினும், மாட்டுக்குச் சினை ஊசி போடுவதும் செயற்கைக் கருவூட்டலும் ஊரெல்லாம் தெரிந்த சொற்களாக இருக்கையில், சினையூட்டி என்றால் கருத்தரிக்கச் செய்யும் மருந்து என்றே படிப்பவர் கொள்வார். ‘சினையூண்’ என்பதையும் நான் எண்ணிப் பார்த்தேன். ஊண் என்பதை ஊன் என்று ஒருவர் தட்டச்சிட்டால் உணவு இறைச்சியாகிவிடும். நீளம் ஓர் எழுத்து கூடினாலும் உணவு என்பதே பிழைக்கு இடம் தராதது.

செயலைக் கொண்டு பெயரிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு வலுவான காரணம் மரபணுவில்தான் இருக்கிறது. வைட்டெலோஜெனின் என்ற சொல்லை 1969இல் பான், பெல், டெல்ஃபர் ஆகியோர் பூச்சிகளின் குருதிப் புரதத்துக்காக உருவாக்கினார்கள். பின்னர் மீன், கோழி, இறால் என எல்லாவற்றுக்கும் அது பரவியது. ஆனால் இறால், நண்டு முதலிய பத்துக்காலி ஓட்டுடலிகளில் இவ்வேலையைச் செய்யும் புரதம், அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால், கோழியின் வைட்டெலோஜெனினைவிட நம் குருதியில் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம் பி என்பதற்கும் பூச்சிகளில் அதே வேலையைச் செய்யும் அப்போலிப்போஃபோரினுக்குமே நெருங்கிய உறவு என்று 2007இல் காட்டப்பட்டு, அப்போலிப்போகிரஸ்டேசீன் என்ற புதுப்பெயரும் முன்மொழியப்பட்டது. கோழியின் வைட்டெலோஜெனினுக்கு உண்மையான உறவு, நன்னீர்க் கல்லிறாலின் குருதியை உறைய வைக்கும் புரதத்தில் இருப்பதை 1999இலேயே கண்டிருந்தார்கள். ஒரே வேலையை இருவேறு கிளைகளில் வந்த மரபணுக்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எனவே, உறவைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும் ‘சினையுணவு முன்புரதம்’, நாளை வகைப்பாடு எப்படி மாறினாலும் பொய்யாகாது. தங்கை மரபணுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் அப்போலிப்போகிரஸ்டேசீனை ஒலிபெயர்ப்பாக அப்படியே எழுதட்டும்.

எஞ்சியது, சினையுணவேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். கண்காம்பிலுள்ள சுரப்பித் தொகுதி, ஒரு ஹார்மோனைச் சுரந்து சூலகம் முதிர்வதை அடக்கி வைக்கிறது. கண்காம்பை அகற்றினால் சூலகம் விரைந்து வளர்வதை 1943இல் பானூஸ் என்ற ஆய்வாளர் கண்டார். பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்குவது இதனால்தான். இந்த ஹார்மோனைச் ‘சினையுணவேற்றத் தடுப்பு ஹார்மோன்’ எனலாம்.

எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது: ‘கண்காம்பு நீக்கிய பெண் இறால்களில் சினையுணவு முன்புரத மரபணுவின் வெளிப்பாடு கூடியது, அதைத் தொடர்ந்து சினையுணவேற்றம் விரைவுற்றது.’ இவ்வரியைத் தங்கை தம் ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்துப் பார்த்து, இடறும் இடம் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.