ஆஸ்பத்திரி ஒப்பந்த ஓட்டம்: டிரைவரின் பொறுப்பு எதுவரை, பாலிசி எதுவரை?

வழித்துணை (கேள்வி):

வணக்கம். மூன்று டாக்ஸிகள் ஓடுகின்றன, மூன்றுக்கும் வாடகை வண்டிக்கான பாலிசி இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரி ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, டிஸ்சார்ஜ் ஆனவர்களை வீட்டில் சேர்ப்பது, இடையிடையே ரத்த மாதிரிப் பெட்டிகளை லேபுக்கு எடுத்துப் போவது, இதுதான் வேலை. ஒப்பந்த வரைவில் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. "நோயாளி வார்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை முழுப் பொறுப்பும் ஒப்பந்ததாரருடையது." "சேவை தொடர்பாக ஆஸ்பத்திரி மீது எழும் எந்த இழப்பீட்டுக் கோரிக்கையையும் ஒப்பந்ததாரரே ஈடுசெய்ய வேண்டும்." இப்போதுள்ள பாலிசி இதற்குப் போதுமா? டிரைவர்களுக்கு என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பாலிசிவரி:

போதாது. இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மோட்டார் பாலிசி வண்டியோடு ஒட்டியது. வண்டி ஓடும்போதும், ஏறி இறங்கும்போதும் ஏற்படும் காயத்துக்குத்தான் அது பேசும். வார்டிலிருந்து வீல்சேரைத் தள்ளி வருகிறார் டிரைவர். லிஃப்ட் வாசலின் இடுக்கில் முன்பக்கச் சின்னச் சக்கரம் சிக்குகிறது, நோயாளி முன்னால் விழுகிறார். அந்த இடத்தில் வண்டியே இல்லை, மோட்டார் பாலிசி வராது. கார் கதவுக்கும் வார்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதை எடுக்கும்போதும் விலக்குகள் பகுதியை, அதாவது எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்ற பட்டியலை, வரி விடாமல் படியுங்கள். சிகிச்சை, பராமரிப்பு சார்ந்த வேலைகள் பெரும்பாலும் விலக்கில் இருக்கும். கைத்தாங்கலாக நடத்தி வருவதும் வீல்சேர் தள்ளுவதும் உங்கள் வேலையின் பகுதி என்று பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள். கட்டிலிலிருந்து ஆளைத் தூக்குவது வேண்டாம், அது வார்டு ஊழியர்களின் வேலை என்று ஒப்பந்தத்திலும் இருக்கட்டும்.

இரண்டாவது வரி இதைவிட ஆபத்தானது. சட்டப்படி உங்கள் மேல் வராத பொறுப்பை ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்டால், அதைப் பெரும்பாலான பொறுப்புக் காப்பீடுகள் ஏற்காது. ஒரு உதாரணம். கையில் குத்திய ஊசிக்குழாயை எடுக்க நர்ஸ் மறந்துவிட்டார், நோயாளிக்கு வீட்டில் ரத்தம் போகிறது. தவறு வார்டுடையது. ஆனால் இந்த வரியைக் காட்டி ஆஸ்பத்திரி உங்களிடம் பணம் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனமோ "உங்கள் தவறே இல்லையே, ஒப்பந்தத்தால் மட்டும் வந்த பொறுப்பு இது" என்று க்ளெய்மை நிராகரிக்கும். மொத்தமும் உங்கள் கையிலிருந்து போகும். "ஒப்பந்ததாரர் அல்லது அவருடைய ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த அளவுக்கு மட்டும்" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றால், வேலை கொடுத்தவருக்கும் காப்பீடு நீளும் என்ற எண்டார்ஸ்மென்டை (பாலிசியோடு எழுத்தில் சேர்க்கும் திருத்தம்) கேட்டு வாங்கலாம். அந்த வழிதான் சரி.

அடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியவை: ஆஸ்பத்திரியோடு நிரந்தர ஒப்பந்த ஓட்டம் என்பது, வீல்சேர் ஏற்றுவது, மாதிரிப் பெட்டிகள் எடுப்பது, வண்டியில் சாய்தளமோ தரைக் கொக்கியோ பொருத்தியிருந்தால் அந்த மாற்றம், மாற்று டிரைவர் உட்பட எல்லா டிரைவர்களின் பெயர். "அதெல்லாம் பரவாயில்லை" என்று ஏஜென்ட் போனில் சொன்னால் அதற்கு மதிப்பில்லை, எண்டார்ஸ்மென்டாகக் கைக்கு வர வேண்டும். வண்டியின் அனுமதி (பெர்மிட்) ஒப்பந்த ஓட்டத்துக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள். அனுமதிக்கு வெளியே ஓடிய வண்டி என்றால் நல்ல பாலிசியும் சிக்கலாகும்.

வண்டி பழுதாகி அன்றைக்கு மட்டும் நண்பரின் காரை அனுப்புவீர்கள். அந்தக் காருக்கு வாடகைப் பாலிசி இல்லையென்றால் அன்றைய சவாரி முழுவதும் பாதுகாப்பில்லாத சவாரி. மாற்று வண்டிக்கும் இதே காகிதங்கள் வேண்டும்.

நாலுபட்டை:

காப்பீட்டுப் பக்கம் மேலே வந்துவிட்டது. டிரைவர் பக்கம் இது.

நோயாளி காரின் இருக்கைக்கு மாறி உட்கார முடிந்தால் அதுதான் மேல், வீல்சேரை மடித்து டிக்கியில் கட்டிவிடலாம். வீல்சேரிலேயே பயணம் என்றால் முகம் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நாற்காலியை வண்டியின் தரையோடு கட்ட முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள். கொக்கி மாட்டுவது நாற்காலியின் வெல்டிங் செய்த சட்டத்தில். சக்கரத்தில், கால்மிதியில், கழற்றக்கூடிய கைப்பிடியில் மாட்டினால் பிரேக் அடிக்கும்போது அது கையோடு வந்துவிடும். வண்டியில் இருக்கையாகப் பயன்படும் வீல்சேருக்கான ஐஎஸ்ஓ 7176-19 தரத்தில் சோதித்த நாற்காலி என்றால் மாட்ட வேண்டிய இடங்களில் கொக்கி அடையாளம் இருக்கும். பின்பட்டைகள் தரையோடு 30 முதல் 45 டிகிரி சாய்வில் அமையட்டும். முறுக்கு இருக்கக் கூடாது. இறுக்கியபின் நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை வேறு. நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டையைப் போட்டுவிட்டு சீட் பெல்ட் போட்டதாக நினைப்பது. அது ஆள் சரியாமல் உட்காரத்தான், மோதலில் தாங்காது. வண்டியோடு பிணைந்த மூன்று முனை பெல்ட் வேண்டும். இடுப்புப் பகுதி கைப்பிடிகளுக்கு உள்ளே புகுந்து இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கைப்பிடிக்கு மேலே போட்டால் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் இடைவெளி விழும்.

டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம். முடிந்து வருகிறவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்து நிதானித்துக் கிளம்பட்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்தக் கையில் பை மாட்டாதீர்கள், பெல்ட் அழுத்தாமல் பாருங்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் பீறிட்டால் வண்டியை ஓரங்கட்டி, கையுறை போட்டு, அந்த ஒரே புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். துண்டைச் சுற்றாதீர்கள், உள்ளே ரத்தம் வெளியேறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

யாருக்கு மூச்சுத்திணறல் வந்தாலும் இதே முறைதான்: நிறுத்து, அழை. சிவப்பு விளக்கைத் தாண்டும் உரிமை டாக்ஸிக்குக் கிடையாது.

வீட்டில் ஆள் இல்லையென்றால், மயக்க மருந்து பெற்றவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வரக் கூடாது. வார்டு எண்ணுக்கு அழைத்து, யார் என்ன சொன்னார் என்று நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் கூலி உண்டா, திரும்பக் கொண்டுவரச் சொல்வது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்.

வழித்துணை:

மிக்க நன்றி. சிலர் கையில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு வருவார்களாம். அதையும் மாதிரிப் பெட்டிகளையும் பற்றிச் சொல்ல முடியுமா? வண்டியில் வாந்தியோ ரத்தமோ பட்டால்?

நாலுபட்டை:

சிலிண்டர் உருளாமல் பட்டையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். விழுந்து வால்வு முறிந்தால் சிலிண்டரே பாய்ந்து வரும். பயன்படுத்தாதபோது வால்வு மூடியிருக்கட்டும், ஜன்னல் சிறிது திறந்திருக்கட்டும். எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் வால்வைத் தொடக் கூடாது, ஆக்சிஜனோடு அவை தீப்பற்றும். எவ்வளவு திணறினாலும் டிரைவர் ஆக்சிஜன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது சிகிச்சை. மேலே சொன்ன விலக்கு நேராக இங்கே வந்து நிற்கும்.

ரத்தம் பட்டால் கையுறை, உறிஞ்சும் தாள், பிறகு அன்றன்றைக்குக் கலந்த ப்ளீச், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கெட்டியான பரப்பில் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். சிறுநீர் மேல் ப்ளீச்சை நேராக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். துணி இருக்கையை ப்ளீச் கெடுக்கும், அதனால் நீர் புகாத உறையை முதலிலேயே போட்டுவிடுங்கள். சுத்தம் செய்ய வண்டி நிற்கும் நேரத்துக்கும் ஒப்பந்தத்தில் ஒரு தொகை வேண்டும்.

பாலிசிவரி:

மாதிரிப் பெட்டி மூன்று அடுக்காக வர வேண்டும்: கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பொருளோடு கசியாத இரண்டாம் உறை, வெளியே கெட்டியான பெட்டி. நோய்க் கண்டறிதலுக்கான வழக்கமான மாதிரிகளில் வெளிப்பெட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் யூஎன் 3373 என்று இருக்கும். அந்த அடையாளம் இல்லாமல் பாலித்தீன் பையில் கொடுத்தால் எடுக்காதீர்கள். டிக்கியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுப் போகாதீர்கள். உலர்பனி (உறைந்த கரியமில வாயு) போட்ட பெட்டி என்றால் ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைக்காமல் வெளிக்காற்று வரும்படி வைக்க வேண்டும், அந்தப் பெட்டியோடு நோயாளியை ஏற்றக் கூடாது.

சரக்குக் காப்பீடு பெரும்பாலும் பெட்டியின் மதிப்பைத்தான் தரும். திசு மாதிரி தொலைந்து நோயாளிக்கு மறுபடி அறுவை செய்ய நேர்ந்தால், அந்தப் பின்விளைவு அதில் வராது. எனவே மாதிரி இழப்புக்கு உங்கள் பொறுப்பின் உச்சவரம்பு ஒப்பந்தத்தில் ஒரு எண்ணாக இருக்க வேண்டும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, கையெழுத்து மூன்றும் வேண்டும்.

சவாரித் தாளைப் பற்றி ஒன்று. பெயர், முகவரி, நடக்க முடியுமா வீல்சேரா, தொற்று எச்சரிக்கை உண்டா, இவ்வளவு போதும். நோயின் பெயர் டிரைவருக்குத் தேவையில்லை. தாளைப் படம் எடுத்து டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.