4294967297: ஃபெர்மா சோதனையில் 0 வருமா, 1 வருமா?

கேள்வி:
2³² + 1, அதாவது 4294967297 பகா எண்ணா என்று பார்க்க, 2-ஐ 4294967296 அடுக்குக்கு உயர்த்தி இந்த எண்ணால் வகுத்து மீதி எடுக்கிறேன் (ஃபெர்மா சோதனை: 2-ஐத் தவிர்த்த பகா எண் என்றால் மீதி 1 வரவேண்டும்). பைதானில் 1 வருகிறது. சி-யில் குறியற்ற 64 பிட் மாறி வைத்து, திரும்பத் திரும்ப வர்க்கம் எடுத்தால் 0. எது சரி? 641 மிச்சமில்லாமல் வகுக்கிறதே, அப்புறம் 1 எப்படி வரும்?

பதில் 1:
1 தான் சரி. எண் ஒற்றைப்படை, 2-இன் எந்த அடுக்கையும் அது வகுக்காது. அதனால் 0 வர வழியே இல்லை.

சி-யில் நடப்பது இதுதான்: 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று ஐந்து வர்க்கம் வரை ஒழுங்காகப் போகும். ஆறாவது 2⁶⁴. 64 பிட்டில் அடங்கும் உச்சம் 2⁶⁴ − 1. ஒன்றே ஒன்று கூடியதால் மாறி சுழன்று 0 ஆகிவிடும், பிறகு கடைசிவரை 0 தான். பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள். இல்லையென்றால் மீதி 4294967296 வரும்போது அதை −1 (எண்ணைவிட ஒன்று குறைவு) என்று பிடித்து, வர்க்கத்தை நேரே 1 என்று போடுங்கள். மற்ற எந்த மீதியின் வர்க்கமும் 64 பிட்டுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் 3, 5 என்று சோதிப்பவர்கள் கண்ணில் இந்தப் பிழை படுவதில்லை.

பதில் 2:
1 வந்தால் பகா எண் என்று அர்த்தமில்லை. இந்த எண்ணால் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால் (≡ என்பது ஒரே மீதி என்று பொருள்) 2³² ≡ −1, ஆகவே 2⁶⁴ ≡ 1. உங்கள் அடுக்கு 64-இன் மடங்கு, 1 வந்தே தீரும். மில்லர்–ராபின் என்ற இன்னும் கடுமையான பகா எண் சோதனையும் 2-ஐ வைத்துப் போட்டால் ஏமாறும். இதுபோன்ற ஃபெர்மா எண்களுக்கு (2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போக, அதோடு 1 கூட்டி வருபவை) 2 உதவாது.

ஃபெர்மா எண்களுக்கென்றே உள்ள பெப்பின் சோதனை போடுங்கள்: 3-இலிருந்து தொடங்கி 31 முறை வர்க்கம், ஒவ்வொரு முறையும் மீதி. பகா எண்ணாக இருந்தால் 4294967296 வரவேண்டும்; வருவது 10324303. பகு எண், தீர்ந்தது. இன்னொரு முறை வர்க்கம் எடுத்தால் 3029026160. உங்கள் நிரலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

641-ஐத் தாளிலேயே காட்டலாம். 641 = 5×2⁷ + 1, அதுவே 5⁴ + 2⁴. இனி 641-ஆல் வகுத்த மீதியைப் பார்ப்போம். முதலாவதில் 5×2⁷ ≡ −1, அதன் நான்காம் அடுக்கு 5⁴×2²⁸ ≡ 1. இரண்டாவதிலிருந்து 5⁴ ≡ −2⁴. சேர்த்தால் 2³² ≡ −1, அதாவது 2³² + 1-ஐ 641 வகுக்கும்.

பதில் 3:
மற்ற காரணி 6700417 பகா எண்ணா என்பதையும் பார்த்துவிடலாம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 128-இன் மடங்கோடு 1 என்ற வடிவில்தான் இருக்கும். 6700417-இன் வர்க்கமூலமான 2588 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. பகா எண்தான்.

வகுக்காமலும் காரணி எடுக்கலாம். இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடியும்: 65536² + 1², 62264² + 20449². இரண்டு விதம் இருந்தாலே பகு எண். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. வகுத்தால் 409, 2556. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 167281 + 6533136 = 6700417.