லைன் வீடுகளில் நாடகம் போட்டால் மனப்பாரம் இறங்குமா?

கேள்வி: கொழுந்துக்கூடை
பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்ட லைன்களில், அதாவது தோட்டம் கொடுத்த தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். வீட்டுக்குள் குடி, அடி. பெண்கள் வாயே திறப்பதில்லை. வயசானவர்களுக்கோ ரிட்டையர் ஆனால் லைன் வீட்டைக் காலி பண்ணணுமே என்ற பயம். வெளியூர்க் குழு ஒன்று நாடகப் பயிற்சி தர வருகிறது. பெண்கள் சொந்தக் கதையை மேடையில் நடித்தால் பாரம் இறங்குமாம். ஒத்துக்கொள்ளலாமா?

கோத்தகிரி அக்கா
சொந்தக் கதை வேண்டவே வேண்டாம் தம்பி. எதிரே உட்கார்ந்திருக்கப் போவது புருஷன், மாமியார், மேஸ்திரி. குழு ஜீப் ஏறிப் போய்விடும், அந்தப் பொண்ணு ராத்திரி அதே வீட்டில்தான் படுக்கணும்.

பிரேசில்காரர் அகஸ்டோ போவால் 1970களில் கொண்டுவந்த முறை இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். யார் வீட்டுக் கதை என்று அடையாளம் தெரியாத ஒரு பிரச்சினையைத் தீர்வு சொல்லாமல் நடிப்பார்கள். மறுபடி நடிக்கும்போது கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, மாட்டிக்கொண்டு நிற்கிற பாத்திரத்தின் இடத்தில் தானே ஏறி வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம். கீழே உட்கார்ந்து புத்திமதி சொல்ல முடியாது, செய்து காட்டணும். அப்புறம், போனில் வீடியோ எடுக்க யாரையும் விடாதீர்கள், குழுவையும் சேர்த்துத்தான்.

தப்புச்சத்தம்
அக்கா சொன்னது சரி, ஆனால் பிரேசில் வரைக்கும் எதுக்குப் போகணும்? சிலோன் தோட்டங்களில் மாசி மாதம் கம்பம் ஊன்றி காமன் கூத்து ஆடிய ஜனங்கள் இவர்கள். சிவன் மன்மதனை எரித்ததும் ரதி ஒப்பாரி வைப்பாள், அந்த இடத்தில் யார் வாய்விட்டு அழுதாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சி, எரியவில்லை என்று எரியாத கட்சி, இப்படி இரண்டு அணி லாவணி என்கிற போட்டிப் பாட்டு பாடி விடிய விடிய மல்லுக்கட்டும். அதே மெட்டில் குடிக்கிற கட்சி, குடிக்காத கட்சி பாட வையுங்களேன். வழக்கமாக ரதி வேஷம் ஆம்பளைதான் கட்டுவார், இந்தத் தடவை ஒரு பொம்பளை கட்டட்டும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள்தான், அதையும் லாவணியில் இழுத்துவிடலாம்.

மூணாம்நம்பர் லைன்
கூத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்குப் பட்டா எப்போ?

கோத்தகிரி அக்கா
பட்டா கூத்தில் கிடைக்காது, வாஸ்தவம். ஆனால் மனு கொடுக்கப் போகும்போது முன்னால் நின்று பேச நாலு பெண்கள் வேண்டுமே, கூச்சம் விட்டுப்போக இது உதவும். தம்பி, ஒத்திகையில் யாராவது உடைந்து அழுதால் அதை நாடகத்தில் சேர்க்கப் பார்க்காதீர்கள். தனியே கூட்டிப்போய் உட்காருங்கள். அடி உதை என்றால் 181, மனசு சரியில்லை என்றால் 14416, இந்த இரண்டு ஹெல்ப்லைன் நம்பரையும் முதல் நாளே எல்லோர் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கொழுந்துக்கூடை
ஒப்பாரி தெரிந்த ஆயா ஒருத்தர் ரெண்டாம் லைனில் இருக்கிறார். குழுவிடம் பேசுவதற்கு முன்னால் அவரைக் கேட்கிறேன்.