டர்பன் புள்ளிகள் எல்லாம் ஒரே கட்டியாக வருகின்றன, திங்கட்கிழமை காட்டியாக வேண்டும், உதவி!

சாலைக்குருவி (வெள்ளி, இரவு 9:40)
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மக்கள் உண்மையில் புழங்குகிற வட்டாரங்கள் எவை என்று சமூக ஊடக இருப்பிடத் தரவை வைத்து வரைபடம் போடுகிறேன். மாநகராட்சி போட்ட எல்லை வேண்டாம், மக்கள் போட்ட எல்லை வேண்டும். நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாக (க்ளஸ்டர்) பிரிக்கும் டிபிஸ்கேன் என்ற முறையை ஓட்டினேன். இருபது க்ளஸ்டராவது வரும் என்று நினைத்தால் இரண்டே இரண்டு வருகிறது. மூன்று நாளாக மண்டை காய்கிறது. திங்கட்கிழமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை (9:52)
எந்த ஊடகம்? எத்தனை புள்ளி? எந்த மென்பொருள்? எப்சிலான், அதாவது எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் பக்கத்துப் புள்ளி என்ற அளவு, என்ன கொடுத்தீர்கள்? இது எதுவும் சொல்லாமல் "இரண்டு வருகிறது" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

ராக்கோழி (9:58)
விபிஎன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாதிப் பேர் விபிஎன் போட்டுக்கொண்டு வேறு நாட்டிலிருந்து பதிவதுபோல் காட்டுகிறார்கள். அதைக் களைந்தால் சரியாகிவிடும்.

மூத்தவன்72 (10:15)
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. புவியியல் ஆயத்தொலைவு என்றால் என்னவென்று தெரியாமல் நேராக க்ளஸ்டரிங்கில் குதிப்பவர்களுக்கு வேறென்ன நடக்கும்? அடிப்படையிலிருந்து தொடங்குங்கள் அம்மணி.

சாலைக்குருவி (10:31)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் உள்ள படங்களின் இருப்பிடம்தான் பெரும்பகுதி. அதோடு எங்கள் கோயில்காரர்கள் கொடுத்த காவடித் திருவிழாப் படங்களையும் சேர்த்தேன். எல்லாம் சேர்ந்து 38,000 சொச்சம். பைத்தானில் சைகிட்-லேர்ன் நிரல்தொகுப்பு. எப்சிலானை நான் தொடவில்லை, இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை (10:44)
அதுதான். நீங்கள் தொடாவிட்டால் அது 0.5 என்று வைத்துக்கொள்ளும். உங்கள் புள்ளிகளோ டிகிரியில் இருக்கின்றன. அட்சரேகையில் அரை டிகிரி என்றால் சுமார் 55 கிலோமீட்டர். தீர்க்கரேகை டர்பன் பக்கம் கொஞ்சம் சுருங்கி 48 ஆகும். 55 கிலோமீட்டருக்குள் இருப்பவர் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னால் டர்பன் முழுக்க ஒரே தெருதான். வழியில் நாலைந்து புள்ளி இருந்தால் பக்கத்து நகரமான பீட்டர்மரிட்ஸ்பர்க்கும் அதே தெருவில் சேர்ந்துவிடும்.

தூரக் கணக்கை ஹேவர்சைன் (உருண்டையான பூமியின் மேல் தூரம் அளக்கும் சூத்திரம்) என்று மாற்றுங்கள். புள்ளிகளை டிகிரியிலிருந்து ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றிவிட்டு, முதலில் அட்சம், அடுத்து தீர்க்கம் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். எப்சிலானையும் ரேடியனில்தான் கேட்கும்: 300 மீட்டர் வேண்டுமென்றால் 0.3 கிலோமீட்டரைப் பூமியின் ஆரமான 6371-ஆல் வகுங்கள்.

ஆனால் ஒன்று உதைக்கிறது. நான் சொன்னதுதான் காரணம் என்றால் ஒரு க்ளஸ்டர்தானே வர வேண்டும்? அந்த இரண்டாவது எங்கே விழுகிறது?

சாலைக்குருவி (10:50)
அது எகிப்தில் விழுகிறது அண்ணா. யாரோ சுற்றுலா போனவர்கள் படமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை (10:51)
இதை முதலிலேயே சொல்ல மாட்டீர்களா!

ராக்கோழி (10:53)
எகிப்து விபிஎன்.

பேவியூபேரன் (11:20)
நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் எங்கே? கெய்ரோவுக்குத் தென்மேற்கே, சக்காரா பிரமிடுக்கு மேற்கே ஒரு முப்பது கிலோமீட்டர் தள்ளி வெறும் பாலைவனமா? அப்படியானால் அது எங்கள் ஊர்தான். சாட்ஸ்வொர்த் தெற்கே 29.9, கிழக்கே 30.9. கழித்தல் குறி காணாமல் போனால் வடக்கே 29.9 ஆகிவிடும். அங்கே மணல்தான் இருக்கிறது.

சாலைக்குருவி (11:26)
ஐயோ. ஆமாம், அதே இடம்தான். கோயில் படங்கள்!!

கணக்குப்பிள்ளை (11:40)
கோயில் படங்களில் இருப்பிடத்தை எக்ஸிஃபிலிருந்து (கேமரா படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரம்) எடுத்திருப்பீர்கள். அதில் அட்சரேகை கழித்தல் குறியோடு வராது. எண் தனியாக இருக்கும், வடக்கா தெற்கா என்பது வேறொரு புலத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும். அந்த எழுத்தை நீங்கள் படிக்கவில்லை. ஃப்ளிக்கர் குறியோடு கொடுப்பதால் அது தப்பித்தது. வட இந்தியாவிலோ சென்னையிலோ இருந்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. தெற்கே இருக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை.

ராக்கோழி, விபிஎன் ஐபி முகவரியைத்தான் மறைக்கும். கேமரா படத்துக்குள் எழுதிய ஜிபிஎஸ் எண்ணை அது தொடாது.

மூத்தவன்72 (சனி, காலை 6:05)
அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருந்தால் அட்லாண்டிக்கில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே விழுந்திருக்கும். மாறியதோடு குறியும் போயிருந்தால் அலெக்சாந்திரியா பக்கம். எங்கே விழுகிறது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும், இதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. ரேடியனும் ஹேவர்சைனும் குழந்தை வேலை. யூடிஎம் என்ற சமதள வரைபட முறையில் 36 தெற்கு மண்டலத்துக்கு மாற்றினால் எல்லாம் நேராக மீட்டரில் வரும். இதைக்கூட யாரும் சொல்லவில்லை என்பது ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளை (6:30)
இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான் ஐயா. காலை வணக்கம்.

தேன்கூடு (8:12)
எப்சிலானைச் சரிசெய்தாலும் உங்களுக்கு வட்டாரம் கிடைக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் சேரும் இடங்கள்தான் கிடைக்கும். கடற்கரை ஒன்று, உம்லாங்கா ஒன்று, கேட்வே மால் ஒன்று. வட்டாரம் என்பது வேறு.

2012-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லைவ்ஹுட்ஸ் என்று ஒன்று செய்தார்கள். ஃபோர்ஸ்கொயர் செயலியில் மக்கள் "இங்கே இருக்கிறேன்" என்று போட்ட 1.8 கோடிப் பதிவுகள். இரண்டு கடைகள் கிட்டத்தில் இருக்கின்றனவா என்பதோடு, இரண்டுக்கும் வருகிறவர்கள் ஒரே ஆட்களா என்றும் பார்த்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் வருகிறவர் அந்தப் பக்கம் போவதே இல்லையென்றால் நடுவே ஒரு கோடு விழும். அதற்குப் பயன்படுத்தியது ஸ்பெக்ட்ரல் க்ளஸ்டரிங் என்ற வேறொரு முறை. அப்புறம் பிட்ஸ்பர்க்வாசிகளை நேரில் உட்காரவைத்து, "இந்தக் கோடு சரியா?" என்று கேட்டார்கள்.

யார் எடுத்த படம் என்ற அடையாள எண் உங்களிடம் இருக்கிறதா?

சாலைக்குருவி (8:40)
தனியுரிமைக்காக அந்தப் பத்தியை முதலிலேயே அழித்துவிட்டேன் :(

தேன்கூடு (8:44)
அடக் கடவுளே. ஃப்ளிக்கரிலிருந்து மறுபடி இறக்குங்கள். அடையாளத்தை ஹேஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைத்தால் போதும். இறக்கும்போது துல்லிய அளவையும் சேர்த்து எடுங்கள். ஃப்ளிக்கரில் அது 1 முதல் 16 வரை: 11 என்றால் ஊர் மட்டம், 16 தெரு மட்டம். 11-ஐ வைத்துக்கொண்டு தெரு பிரிக்க முடியாது. ஒரே ஆயத்தொலைவில் எத்தனை படம் அடுக்கியிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். நகர மண்டபத்தின் தலையில் சில ஆயிரம் உட்கார்ந்திருந்தால் அது மக்கள் கூட்டமில்லை, "டர்பன்" என்று மட்டும் குறித்தவர்கள்.

மூத்தவன்72 (9:02)
ஹேஷ் செய்தால் போதுமா? நாலு இடம், நாலு நேரம் தெரிந்தால் 15 லட்சம் பேரில் 95 சதவீதத்தினரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2013-லேயே கைப்பேசித் தரவில் காட்டிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை முதல் பாப்பியா என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு அமலில் இருக்கிறது. கோயில்காரர்கள் படம் கொடுத்தது ஆல்பத்துக்கா, ஆராய்ச்சிக்கா?

(இந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் சரியாகக் கேட்டார் என்று ஒப்புக்கொள்கிறேன். - கணக்குப்பிள்ளை)

பேவியூபேரன் (10:30)
நான் வேறு ஒன்று கேட்கிறேன். என் தாத்தா டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தவர், மாநகராட்சித் தொழிலாளி. 1950-இல் வந்த, குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் அங்கிருந்து கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினத்தவரின் உம்லாசிக்கும் நடுவே சுவர் மாதிரி இந்தியர்களான எங்களை வைத்தார்கள். "மக்கள் போட்ட எல்லை" என்கிறீர்கள். உங்கள் கணினி சாட்ஸ்வொர்த்தைச் சுற்றி அழகாக ஒரு கோடு போட்டால் அதைப் போட்டது மக்களா, அந்தச் சட்டமா?

ராக்கோழி (10:41)
அதெல்லாம் பழைய கதை. இப்போது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாமே.

பேவியூபேரன் (10:58)
போகலாம். பேருந்து போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: என் ஆயா வாரா வாரம் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போவாள். ஒரு கையில் கொத்தமல்லிக் கட்டு, இன்னொரு கையில் கத்திரிக்காய்ப் பை, சில்லறையை வாயில் கவ்விக்கொண்டு பேரம் பேசுவாள். எந்தக் கையால் படம் எடுத்து ஃப்ளிக்கரில் போடுவாள்? எங்களுக்கு நகரத்தின் நடு அதுதான். உங்கள் வரைபடத்தில் அது வெற்றிடம்.

தேன்கூடு (11:15)
நியாயம். அதனால்தான் நேரில் கேட்க வேண்டும் என்றேன்.

ராக்கோழி (11:17)
மார்க்கெட் வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா?

பேவியூபேரன் (11:19)
இரண்டு நாளும். சீக்கிரம் போங்கள், நல்ல கீரை காலையிலேயே முடிந்துவிடும்.

மூத்தவன்72 (11:40)
இழை எங்கிருந்து எங்கே போகிறது பாருங்கள்.

சாலைக்குருவி (செவ்வாய், மாலை 5:22)
எகிப்து காலி. 250 மீட்டர் வைத்து 17 வந்தது. கோயில் படங்களை எடுத்துவிட்டேன், கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன். ஆசிரியர் "மார்க்கெட் எங்கே?" என்று கேட்டார்!! எல்லோருக்கும் நன்றி, பேவியூ அண்ணாவுக்குத் தனியாக.

கணக்குப்பிள்ளை (5:30)
மகிழ்ச்சி. குறைந்தபட்சப் புள்ளி எத்தனை வைத்தீர்கள்?

புதியவன் (நான்கு மாதம் கழித்து)
எனக்கும் இதே பிரச்சினை. மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் தரவு, எல்லாம் ஒரே கட்டியாக வருகிறது. சாலைக்குருவி இருக்கிறீர்களா?

ராக்கோழி
விபிஎன் பார்த்தீர்களா?