மறு: வியூ பிளாக் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் கையேட்டின் சொற்பட்டியல் பாதி தாண்டிவிட்டது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் டர்ன்அவுட்டுக்குப் 'பிரிதடம்', வண்டிகளைக் கண்ணில் படாமல் நிறுத்திவைக்கும் ஸ்டேஜிங் யார்டுக்கு 'மறைநிலையம்', பேக்டிராப்புக்குப் 'பின்திரை' என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டோம். 'வியூ பிளாக்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. பலகையை நடுவில் பிரித்து, ஒரு பக்கத்துக் காட்சி மறுபக்கம் நிற்பவருக்குத் தெரியாமல் செய்கிறோமே, அதுதான். 'காட்சித்தடுப்பு' என்று போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் அப்படியே அச்சுக்குப் போய்விடும். பினாங்கு அண்ணன் என்ன சொல்கிறார்?

– பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

*

தம்பி, அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

'தடுப்பு' என்றதும் எனக்குப் பெருநாள் நேரத்துப் போலீஸ் சாலைத்தடுப்புதான் கண்முன் வருகிறது. அதை விட்டுவிடலாம், பழகினால் சரியாகிவிடும். என் தயக்கம் வேறு. எங்கள் பலகையை வைத்தே சொல்கிறேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் விளங்கும்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட், ஹெச்ஓ அளவு, அதாவது 1:87. (நம் ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம், உப்பிவிடும்.) நடுவில் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். முன்பக்கம் முழுக்க ஜார்ஜ் டவுன் துறைமுகம். பின்பக்கம் பாதி ரப்பர்த் தோட்டம், பாதி ஈயக்குட்டை. ரயில் பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரே வட்டமாகச் சுற்றிவரும். உள்ள ஊரை அப்படியே சுருக்கி வைப்பது எங்கள் நோக்கமில்லை. தீம் பார்க்கில் போல ஓர் உலகத்தைவிட்டு இன்னோர் உலகத்துக்குள் நுழைய வேண்டும், நுழைந்த பிறகு முந்தினது கண்ணில் படக்கூடாது.

இந்த உத்தியைப் பெரிய அளவில் செய்து காட்டியது டிஸ்னிலேண்ட். கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17இல் திறந்தபோதே பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருந்தார்கள். வெளிச்சாலையும் மின்கம்பங்களும் உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அந்த மேட்டை 'பெர்ம்' என்பார்கள். பூங்காவைச் சுற்றும் ரயில் பெரும்பாலும் அதன்மேல்தான் ஓடுகிறது, 914 மி.மீ. அகலப் பாதையில். வால்ட் டிஸ்னி அதற்கும் முன்பே தன் வீட்டுத் தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் நீராவி ரயில் ஓட்டியவர். மனைவியின் பூச்செடிகளுக்கு அடியில் 90 அடிக்குச் சுரங்கப்பாதை போட்டார். அதை நேராகப் போடாமல் நெளித்துவிட்டார், உள்ளே போகிறவருக்கு மறுமுனை வெளிச்சம் தெரியாதபடி. மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் அவரிடம் திருட வேண்டியது அந்த ஒரு நெளிவைத்தான். நேரான சுரங்கம் போட்டால் தோட்டத்தில் நின்று துறைமுகத்துக் கிரேனைப் பார்த்துவிடலாம், செய்த வேலையெல்லாம் பாழ்.

சிலாங்கூரின் சன்வே லகூன் இதற்கு நேரெதிர். பழைய ஈயச்சுரங்கக் குழிக்குள் 1993இல் தொடங்கியது. மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் பூங்கா முழுவதும் விரிந்து கிடக்கும், அதுதான் அதன் அழகும். ஆனால் குழிக்குள் எத்தனை மேடு போட்டாலும் மேலே நிற்பவர் கண்ணை மறைக்க முடியாது. சாப்பாட்டு மேசை உயரத்தில் பலகை போடுகிறவர்கள் தெரியாமலே அந்தக் குழியைத்தான் கட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்ப்பவர் கண் தரையிலிருந்து 160 செ.மீ. என்று வையுங்கள். அவர் பலகையின் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கிறார், நடுவில் 25 செ.மீ. உயரத்தில் மறைப்பு. பலகை 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், பார்வை மறைப்பின் தலைக்கு மேலே போய் அப்பால் முப்பத்தேழு செ.மீ. தாண்டியதும் பலகையிலேயே இறங்கிவிடும். மறுபக்கத்தில் கடைசி இருபது செ.மீ. சொச்சம் திறந்து கிடக்கும், ரயில் ஓடுவதும் அங்கேதான். பலகையை 120 செ.மீ.க்கு உயர்த்துங்கள், மறைப்பைத் தொட வேண்டாம். இப்போது அதே பார்வை மறுவிளிம்பை எட்டும்போது பலகைக்கு மேல் 15 செ.மீ.யில் நிற்கும். ஹெச்ஓ அளவில் அது நாலு மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்த எதுவும் தெரியாது. சிறுபிள்ளைகளுக்கு முக்காலி போட வேண்டிவரும், அதுவும் உயரமான முக்காலியாக இருக்கக்கூடாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பலகையில் இந்த வேலையைச் செய்வது மூன்று பொருள்கள். துறைமுகத்துக்குப் பின்னால் கடைவீடுகளின் வரிசை. நடுவில் கொடிமலை. தோட்டத்துக்கும் ஈயக்குட்டைக்கும் இடையில் ரப்பர் மரங்கள், நெருக்கி நட்டது. ஆகவே 'மேடு', 'சுவர்', 'தட்டி' என்று பொருளை வைத்துப் பெயரிட்டால் மூன்றில் இரண்டு வெளியே நின்றுவிடும். 'தடுப்பு' என்று வேலையை வைத்துப் பெயரிட்டால் ரயிலை மறந்துவிடுகிறோம். ரயில் இதன் வழியாகத்தானே போகிறது!

என் பரிந்துரை 'வரப்பு'. 'காட்சி வரப்பு'. வயலில் வரப்பு என்ன செய்கிறது? இந்தப் பாத்தித் தண்ணீரை அந்தப் பாத்திக்குப் போகவிடாது. ஆனால் நாம் நடந்து போவது அதன்மேல்தான். டிஸ்னிலேண்டின் ரயிலும் அப்படியே. மலாய்க்காரர்களும் 'பத்தாஸ்' என்ற ஒரே சொல்லை எல்லைக்கும் வயல்வரப்புக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் செபராங் பிறையில் கெப்பாளா பத்தாஸ் என்று ஊரே இருக்கிறது.

– ஆயர் ஈத்தாம், பினாங்கு

*

வணக்கம்.

வரப்பு என்றால் தாழ்ந்தது, காலால் மிதிப்பது. 25 செ.மீ. உயரத்துக்குக் கண்ணை மறைக்கிற பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டுமா? எனக்கு ஐயமாக இருக்கிறது.

அரங்கத்துக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மூன்று வகைத் திரை வருகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. 'எழினி' என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்கும். அதே காதையில் தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் பலகைக்கும் அது பொருந்துமே, அண்ணன் விளக்கைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

இன்னொன்று. தோட்டம், குட்டை, துறைமுகம் இவற்றை என்னவென்று அழைக்கிறீர்கள்? தீம் பார்க்கில் இப்படிப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் ஆங்கிலத்தில் 'லேண்ட்' என்கிறார்கள். 'திணை' என்று சொல்லலாமே. ஒன்றின் காட்சி மற்றொன்றில் தெரிந்தால் அதுவே 'திணைமயக்கம்'. நமக்குத்தான் இந்தச் சொல் வாய்க்கும்.

– செந்தூல், கோலாலம்பூர்

*

டீச்சர், திணைமயக்கத்தைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இனி எங்கள் பட்டறையில் அது நிலைத்துவிடும். ரப்பர் மரத்துக்கு மேலே கப்பலின் புகைபோக்கி தெரிந்தால் "திணை மயங்குது, மரத்தை உயர்த்து" என்று சொல்லிக்கொள்வோம். கையேட்டில் மட்டும் 'களம்' என்று போடுவோம். ஈயக்குட்டையை எந்தத் திணையில் சேர்ப்பது என்று யாராவது கேட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு வேறு வேலை நடக்காது. இந்தக் குழுவை எனக்குத் தெரியும்.

எழினி அழகான சொல். ஆனால் எழினி அசையும். ஒரு பக்கமிருந்தோ இரு பக்கமிருந்தோ இழுப்பதும் மேலிருந்து இறக்குவதும்தான் அந்த மூன்று வகைக்கும் வேறுபாடு. நம்முடையது ஆணியடித்து நிற்பது. ஒன்று செய்யலாம். மறைநிலையத்தின் முன்னால் தூக்கி இறக்குகிற பலகை ஒன்று இருக்கிறதே, பழுது பார்க்கக் கையை விடுவதற்காக வைத்திருப்பது. அதற்கு இன்னும் பெயரில்லை. எழினியை அதற்குத் தருவோம், பொருள் அச்சாகப் பொருந்தும்.

விளக்கு விஷயம் முழுக்கச் சரி. இப்போது கூரையில் ஒரே குழல்விளக்கு, கொடிமலையின் நிழல் தோட்டத்தின்மேல் விழுகிறது. களத்துக்கு ஒன்றாக எல்இடி பட்டை, வரப்பின் இருபுறமும் தனித்தனியே, பார்ப்பவர் தலைக்கு மேலே முன்பக்கமாக வைக்கப் போகிறோம்.

வரப்பு தாழ்ந்தது என்ற மறுப்புக்கு: சொல்லுக்கு முன்னால் 'காட்சி' நிற்கிறதே. கண்ணின் வரப்பு கண்ணளவு உயரத்தில்தான் இருக்கும். அதோடு எல்லா இடத்திலும் உயரம் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். ரப்பர் மரவரிசை 16 செ.மீ.தான், தோட்டத்திலிருந்து குட்டையைக் குறுக்கே பார்ப்பவர்கள் குறைவு என்பதால் போதுகிறது. கொடிமலைக்கு மட்டும் 40 செ.மீ. கொடுத்திருக்கிறோம். உண்மையான மலைரயில் பாதை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். 1:87இல் சுருக்கினாலும் 23 மீட்டர் வரும், என் வீட்டில் எந்த அறையும் அவ்வளவு நீளமில்லை. ஆகவே 1923இல் ஓடத் தொடங்கிய பழைய முறையை எடுத்துக்கொண்டோம்: இரண்டு கட்டம், நடுநிலையத்தில் இறங்கி வண்டி மாறுவது. துறைமுகப் பக்கத்தில் கீழ்க்கட்டம் மட்டும் தெரியும், மேல்கட்டம் தோட்டத்துப் பக்கம். மலையைச் சுற்றிவந்து பார்த்தால்தான் உச்சிக்குப் போய்ச் சேரலாம். இப்போதைய பாதையில் 2011 முதல் நேராகவே போகிறார்கள், அது எங்களுக்கு உதவாது.

துறைமுகத்துக் கடைவீடுகள் பின்சுவர் இல்லாத வெறும் முகப்புகள், 4 செ.மீ. ஆழம். அவற்றுக்குப் பின்னால் இன்னும் சிறிய 'என்' (N) அளவில், அதாவது 1:160இல், இன்னொரு வரிசை. தெரு இன்னும் நீளமாகத் தோன்றும். டிஸ்னிலேண்டின் முதல் தெருவிலும் மேல்மாடிகளைச் சிறிதாக்கி இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். கடல்முகத்தில் மணிக்கூண்டு வைத்த பழைய ரயில்வே கட்டடத்தையும் வைத்திருக்கிறேன். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. அந்தக் காலத்தில் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறிப் பெருநிலத்துக்குப் போய்த்தான் ரயில் பிடிப்பார்கள். மாதிரி ரயில் கட்டுகிறவனுக்கு அதைவிட வசதியான நிலையம் கிடைக்காது.

தண்டவாள அகலத்தைப் பற்றி யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் பாதை மீட்டர் அகலம், அதற்குச் சரியான ஹெச்ஓ தடம் 12 மி.மீ. நாங்கள் போட்டிருப்பது 16.5. தெரிந்தேதான் போட்டோம், வண்டி கிடைப்பது எளிது. தீம் பார்க்கில் அளவுகோல் கேட்கக்கூடாது.

– ஆயர் ஈத்தாம்

*

சரி. 'காட்சி வரப்பு' பட்டியலில் ஏறியது, 'எழினி' தூக்கிறக்கும் பலகைக்கு, 'களம்' லேண்டுக்கு. டீச்சரின் திணைமயக்கத்தை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன், நீக்கச் சொல்லாதீர்கள். முதலில் 'களவரப்பு' என்று போட்டுப் பார்த்தேன், களவு என்று படிக்கிறது, விட்டுவிட்டேன்.

அடுத்து ஹெலிக்ஸ், ரயிலைச் சுற்றிச்சுற்றி மேலே ஏற்றும் சுருள் தடம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே எழுதாதீர்கள்.

– பிரிக்ஃபீல்ட்ஸ்